மலைமேல் 24 மீட்டர் தண்டவாளம்: பழைய ரயில் பெட்டியை நிறுத்திவைக்க ஒரு வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஊட்டியிலோ ஒரு சின்ன அருங்காட்சியகம், பள்ளி வளாகம், எஸ்டேட் பங்களா முற்றம். அதில் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளப் பாதையில், ஓடிய பழைய பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்திக் காட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். சமவெளியில் எளிதுதான். மலையில் இந்த வேலையைக் கெடுப்பவை இரண்டு: பாதையும் தண்ணீரும். தண்டவாளம் போடுவது கடைசி நான்கு நாள் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் பெட்டியை வாங்கிவிடுவது, மாட்டை வாங்கிய பிறகு தொழுவம் தேடுகிற கதை.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கணக்கு 24 மீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தண்டவாளப் பாதைக்கானது. இரண்டு குட்டையான வண்டிகள், அல்லது ஒரு வண்டியும் ஒரு எஞ்சினும் நிற்கும் அளவு. உங்கள் நீளம் வேறானால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பாதையை அளந்து பாருங்கள், பெட்டியை அல்ல

சமவெளியில் ஓடிய மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டியின் உடல் மட்டும் 19.5 மீட்டர் நீளம். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிப் பேர் திட்டத்தை மாற்றிக்கொள்வார்கள், மாற்றிக்கொள்ளவும் வேண்டும். போகிகளை (உடலைத் தாங்கும் சக்கரச் சட்டங்களை)க் கழற்றிவிட்டால் உயரமும் எடையும் குறையும், உடலின் நீளம் குறையாது. கல்லட்டி வழியாகக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்பார்கள். 36 வளைவும் அந்த இறக்கமும் கொண்ட பாதையில் கனரக டிரெய்லர் என்ற பேச்சே வேண்டாம்.

மலைமேல் இருக்கும் இடத்துக்குப் பொருத்தமானவை: நீலகிரி மலை ரயிலில் ஓடிய குட்டைப் பெட்டிகள், நான்கு சக்கர சரக்கு வேகன்கள், பிரேக் வேன், தள்ளுவண்டி. மலை ரயிலின் வண்டி கிடைக்கும் நிலை இருந்தால் அதை ரயில் பாதையிலேயே பக்கத்து நிலையம்வரை கொண்டுவர முடியுமா என்று சேலம் கோட்டத்தில் முதலிலேயே கேளுங்கள். நிலையத்திலிருந்து உங்கள் வாசல்வரை மட்டும் சாலை என்றால் தலைவலி பத்தில் ஒன்றாகிவிடும். பழனி மலையில் இந்த வசதியே இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து கொடைக்கானல் 80 கிலோமீட்டர், முழுக்கச் சாலைதான்.

பாதை பார்ப்பதென்றால் காரில் ஒரு சுற்று போய்வருவதல்ல. டிரெய்லர் ஓட்டுநரையே கூட்டிக்கொண்டு போங்கள். மிகக் குறுகலான வளைவில் இறங்கி உள்வளைவு, வெளிவளைவு, தடுப்புச்சுவர் மூன்றையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரிய சாலையைவிட உங்கள் வளாகத்துக்குத் திரும்பும் கடைசி 200 மீட்டரில்தான் வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன: தாழ்ந்த மின்கம்பி, கற்பூர மர (யூகலிப்டஸ்) கிளை, லாரி எடை தாங்காத பழைய சிறுபாலம்.

2. காகித வேலை: ஆறு மாதம் ஒதுக்குங்கள்

ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் என்று நினைத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். கீழே உள்ளவற்றை ஒரே சமயத்தில் தொடங்குங்கள்.

*நிலம்.* பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, உள்ளாட்சியின் கட்டட அனுமதி. தண்டவாளத்துக்கு எதற்குக் கட்டட அனுமதி என்று கேட்காதீர்கள். மேலே கூரை வந்துவிட்டால் அது கட்டடம். உங்கள் கிராமம் ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அந்த அனுமதியும் சேரும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் இடம் இருந்தால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும்.

*மண் வெட்டுதல்.* நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அரை நாள் வேலைதானே என்று இரவில் வண்டியை இறக்கினால் வண்டியும் பறிமுதலாகும், உங்கள் மற்ற விண்ணப்பங்களும் அந்தரத்தில் நிற்கும். 24 மீட்டருக்கு ஆள் வைத்தே வெட்டிவிடலாம். அதுதான் நிம்மதி.

*மரம்.* 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். கிரேனின் கை சுழல இடைஞ்சலாக நிற்கும் ஒரு மரம் இருந்தால் அதற்கான விண்ணப்பத்தை முதல் நாளே கொடுங்கள்.

*பெட்டி.* ரயில்வேயிடமிருந்து பெற இரண்டு வழிகள். அரசு நிறுவனம், கல்வி நிலையம் போன்றவை பாரம்பரியக் காட்சிக்கென்று தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு எழுதிக் கேட்கலாம். எந்த வண்டி, அதன் எண், எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே நிறுத்தப்போகிறீர்கள், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையெல்லாம் வரைபடத்தோடு வைத்தால்தான் கோப்பு நகரும். மற்றவர்களுக்கு மின்னேலம். ஏலத்துக்கு நிரந்தரக் கணக்கு அட்டை, ஜிஎஸ்டி பதிவு, டிஜிட்டல் கையெழுத்துச் சான்று, வங்கிக் கணக்கு தயாராக இருக்க வேண்டும். ஏலத்தில் எடுத்ததும் குறிப்பிட்ட நாளுக்குள் முழுத்தொகை, அதன் பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். தவறினால் தரை வாடகை ஓடும். கிரேனும் டிரெய்லரும் கிடைக்கும் தேதியைத் தெரிந்துகொள்ளாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

*தண்டவாளத்தின் பூர்வீகம்.* இதில் சறுக்குபவர்கள் அதிகம். பழைய இரும்புக் கடையில் மலிவாகத் தண்டவாளம் கிடைக்கும். 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, ரயில்வேயின் பொருள் என்று சந்தேகிக்கப்படும் ஒன்று உங்களிடம் இருந்தால் அது நேர்வழியில் வந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். கடைக்காரர் எடுத்த ஏலத்தின் லாட் எண் உள்ள விற்பனை ஆணை, டெலிவரி ஆணை, கேட் பாஸ் நகல்கள், உங்களுக்கு அவர் போட்ட ஜிஎஸ்டி பில், இ-வே பில் ஆகிய ஐந்தும் கைக்கு வந்த பிறகே லாரியை ஏற்றுங்கள். நகல்களை லாரியிலும் ஒரு செட் வையுங்கள். பர்லியாறில் நிறுத்திக் கேட்டால் ஓட்டுநர் உங்களுக்கு போன் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

*வண்டிகள்.* வெளியூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. உங்கள் லாரிக்கு அது பொருந்துமா என்று புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதையும் கனரக வண்டிக் கட்டுப்பாடும் வரும். அந்த இரண்டு மாதத்தை நாட்காட்டியில் அடித்துவிடுங்கள்.

3. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் கடைசிவரை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் மண் வேலையே ஆகாது. ஈரமான செம்மண்ணை எவ்வளவு திம்சு போட்டாலும் அது இறுகாது, ரப்பர் மாதிரி அமுங்கி எழும்பும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் சரிவை வெட்ட மாட்டார்கள்.

மண் வேலை ஒரு வாரம், அடித்தளம் போட்ட பிறகு மூன்று நான்கு வாரம் சும்மா விடுதல், தண்டவாளம் நான்கு நாள், பெட்டி இறக்க ஒரு நாள். அந்த மூன்று நான்கு வாரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

4. அடித்தளமும் வடிகாலும்

இடம் முழுவதும் வெட்டிய மண்ணின்மேல் இருக்க வேண்டும். பாதி வெட்டு, பாதி நிரவல் என்று இருந்தால் நிரவிய பக்கம் முதல் மழையிலேயே இறங்கும், பெட்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இடம் போதாவிட்டால் பள்ளத்தாக்குப் பக்கம் மண் கொட்டுவதைவிட மேட்டுப் பக்கம் இன்னும் ஒரு மீட்டர் வெட்டித் தடுப்புச்சுவர் கட்டுவது மேல். சதுப்பு நிலமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அதில் வாதாட ஒன்றும் இல்லை.

26 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலத்தில் 30 செ.மீ. வெட்டுங்கள். அடிமண்ணை வடிகால் பக்கமாக 30க்கு 1 என்ற சாய்வில் சமப்படுத்துங்கள். இந்தச் சாய்வு மண்ணுக்கு மட்டும், தண்டவாளத்துக்கு அல்ல. அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, சுமார் 105 சதுர மீட்டர். இதை வீண் செலவு என்று மேஸ்திரி சொல்வார். துணி இல்லாவிட்டால் செம்மண் சேறு ஜல்லிக்குள் ஏறி, இரண்டு மழைக்காலத்தில் ஜல்லி முழுவதும் களிமண் கட்டியாகிவிடும். துணியின்மேல் ஜிஎஸ்பி கலவை (அடித்தளத்துக்கான கல், கல்தூசிக் கலவை) 20 செ.மீ., இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். இறுகியபின் 20 செ.மீ. நிற்க, கொட்டும்போது கால்பங்கு கூடுதல் வேண்டும். 23 கன மீட்டருக்குச் சற்று மேல், குவாரிக் கணக்கில் 8 யூனிட்டைவிடக் கொஞ்சம் கூட. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர்.

மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் கட்டாயம். 45 செ.மீ. ஆழ வாய்க்காலில் துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாய், 100க்கு 1 சாய்வு, சுற்றிலும் முக்கால் இஞ்ச் ஜல்லி, அதன்மேல் அதே துணியைச் சுற்றிவிடுங்கள். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்துக்காரரின் தேயிலைத் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டால் தண்ணீருக்கு முன்னால் வழக்கு வந்துசேரும்.

5. எந்தத் தண்டவாளம்?

தண்டவாளத்தை எடையை வைத்து அழைப்பார்கள். பழைய மீட்டர் கேஜ் பாதைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 60 ஆர், 75 ஆர். அதாவது ஒரு கெஜத்துக்கு 60 பவுண்டு, 75 பவுண்டு.

60 ஆர்: மீட்டருக்கு 29.76 கிலோ, உயரம் 114.3 மி.மீ.
75 ஆர்: மீட்டருக்கு 37.13 கிலோ, உயரம் 128.6 மி.மீ.

காலியான பெட்டி அல்லது வேகன் மட்டும் என்றால் 60 ஆர் போதும். எஞ்சின் நிற்கப்போகிறது என்றால் 75 ஆர் எடுங்கள். பெட்டியின் வெறும் எடை அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். அதை அச்சுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அச்சுச் சுமை.

இரண்டு வகையையும் கலந்து வாங்கிவிடாதீர்கள். உயரத்தில் 14.3 மி.மீ. வித்தியாசம். சாதாரண ஃபிஷ் பிளேட் (இரு துண்டுகளை இணைக்கும் இரும்புப் பட்டை) போட்டு இணைத்தால் இணைப்பில் ஒரு படி நிற்கும். ஏல லாட்டில் இரண்டும் கலந்தே கிடக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தண்டவாளத்தின் இடுப்பில், அதாவது தலைக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதியில், துருவுக்கு அடியில், புடைத்த எழுத்து இருக்கும். இரும்பு பிரஷால் ஒரு முழ நீளம் தேய்த்து, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். எடை எண், ஆலையின் பெயர், வருடம், அதன்பின் மாதத்தைக் குறிக்கும் கோடுகள் எழும்பி வரும். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் உயரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இந்தப் புடைத்த எழுத்து உள்ள துண்டுகளைப் பார்வையாளர் நிற்கும் பக்கம் வருமாறு போடுங்கள். குழந்தைகள் வருடத்தைத் தேடிப் படிக்கும்.

அடுத்த சிக்கல் நீளம். மீட்டர் கேஜின் வழக்கமான நீளம் 12 மீட்டர். சாதாரண லாரித் தட்டு அதில் பாதிக்குச் சற்று மேல்தான். 12 மீட்டர் துண்டைக் கொண்டைஊசி வளைவில் திருப்ப நீள டிரெய்லர் வேண்டும். ஒரு துண்டைக் கையால் தூக்க, 60 ஆர் என்றாலும் 357 கிலோ, 14 பேராவது வேண்டும். காட்சிக்கு நிற்கும் பாதையில் ரயில் ஓடப்போவதில்லை. ஆகவே டிப்போவிலேயே 6 மீட்டராக வெட்டி எடுத்து வாருங்கள். துண்டு ஒன்று 179 கிலோ, எட்டுப் பேர் தூக்கிவிடுவார்கள். விலையாக இணைப்புகள் கூடும். 8 துண்டு, 6 இணைப்பு, 6 ஜோடி ஃபிஷ் பிளேட், 24 போல்ட். மொத்தத் தண்டவாள எடை 60 ஆரில் 1.43 டன்.

வெட்டுவதற்கு டிஸ்க் கட்டர். கேஸ் கட்டரால் வெட்டிய முனை கோணலாக இருக்கும், நுனி கெட்டியாகி நொறுங்கும். புது முனையில் போல்ட் துளையும் டிரில் போட்டே எடுக்க வேண்டும். கேஸால் பொத்தல் போட்டால் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். அதே காரணத்துக்காகத் தண்டவாளத்தின்மேல் எதையும் வெல்டிங் பற்றவைக்காதீர்கள். தண்டவாள இரும்பில் கரி அதிகம். பற்றவைத்த இடம் கண்ணாடிபோல் உடையும். கம்பித் தடுப்பு, பெயர்ப்பலகை எல்லாம் கிளாம்ப் போட்டுத்தான்.

வாங்கும் முன் ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டிலும் நூல் பிடியுங்கள். 6 மீட்டரில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே 5 மி.மீ.க்கு மேல் சந்து தெரிந்தால் ஒதுக்குங்கள். மலைப்பாதை வளைவுகளிலிருந்து எடுத்தவற்றில் தலையின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அந்தப் பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடலாம், தூக்கி எறிய வேண்டாம்.

6. சிலிப்பர் கட்டை

தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் மீட்டர் கேஜ் மரக்கட்டை 1800 × 203 × 114 மி.மீ. 6 மீட்டர் துண்டுக்கு 9 கட்டை, மொத்தம் 36. தண்டவாளத்தின் இரு முனையிலும் முதல் கட்டை 18 செ.மீ. உள்ளே, மற்றவை 70.5 செ.மீ. இடைவெளியில். அப்படிப் போட்டால் இணைப்புகளில் இரு கட்டைகளுக்கு நடுவே 36 செ.மீ. வரும். இணைப்பு கட்டையின்மேல் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் தொங்க வேண்டும்.

உள்ளூரில் கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று தோன்றும். பதப்படுத்தாத கற்பூரக் கட்டை காய்ந்ததும் முறுக்கி வெடிக்கும், மழையில் சில வருடத்தில் உளுத்துப்போகும். ரயில்வே கழித்த, கிரியோசோட் என்ற பதப்படுத்தும் எண்ணெய் ஏறிய கட்டை கிடைத்தால் எடுங்கள். ஆனால் அந்த எண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். பார்வையாளர் உட்காரும், குழந்தைகள் கை வைக்கும் இடமாக இருந்தால் எஃகு சிலிப்பரோ வார்ப்பிரும்புச் சிலிப்பரோ நல்லது. தண்டவாளத்தை அவற்றோடு இறுக்கும் ஆப்புச் சாவிகள் மட்டும் காணாமல் போகும். பத்து சாவி கூடுதலாக வாங்கிவையுங்கள்.

மரக்கட்டைக்கு வேண்டியவை: 72 பேரிங் பிளேட் (தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே வைக்கும் தகடு), 144 டாக் ஸ்பைக் (தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் பெரிய ஆணி). வாங்கும்போது 160 வாங்குங்கள், வளைந்தவை தவறாமல் இருக்கும். துளை போடாமல் ஸ்பைக்கைச் சம்மட்டியால் அடித்தால் கட்டை பிளக்கும். ஒரே நார்க்கோட்டில் இரண்டு ஸ்பைக் இறங்கினாலும் பிளக்கும். ஆகவே தண்டவாளத்தின் உள்பக்க ஸ்பைக் கட்டையின் ஒரு ஓரமும், வெளிப்பக்க ஸ்பைக் எதிர் ஓரமும் வருமாறு மாற்றி அடியுங்கள். கடைசி இரண்டு அடியை மெதுவாக. ஸ்பைக்கின் தலை தண்டவாளத்தின் பாதத்தைத் தொட்டால் போதும்.

7. ஜல்லி

ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதாவது 40 மி.மீ. கருங்கல், தூசி இல்லாமல் சலித்தது. கட்டைக்கு அடியில் 15 செ.மீ., கட்டையின் இரு முனைக்கு வெளியே 25 செ.மீ. தோள். 24 மீட்டருக்கும் இரு முனைச் சரிவுக்கும் சேர்த்து, அமுங்குவதற்கும் இடம் வைத்து, 18 கன மீட்டருக்குச் சற்று மேல். ஆறரை யூனிட் சொல்லுங்கள். மலையில் ஜல்லியின் விலையைவிட ஏற்றுகூலி அதிகம். அரை யூனிட் குறைந்துவிட்டால் அதற்கென்று தனி லாரி வரும். கூழாங்கல் மாதிரி உருண்டையானது வந்தால் திருப்பி அனுப்புங்கள். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது.

முதலில் 15 செ.மீ. பரப்பி இறுக்குங்கள். அதன்மேல் கட்டை, தண்டவாளம். பிறகு கட்டைகளுக்கு நடுவே மீதி ஜல்லி.

8. தண்டவாளம் போடுதல்

ஓய்வுபெற்ற கேங்மேன்கள் (ரயில் பாதையைப் பராமரித்த ஊழியர்கள்) மேட்டுப்பாளையம், குன்னூர்ப் பக்கம் இருப்பார்கள். ஒருவரையாவது கூலிக்கு அழையுங்கள். எட்டு ஆட்களை அவர் நடத்தும் விதமே வேறு.

கேஜ், அதாவது பாதையின் அகலம், 1000 மி.மீ. அளக்க வேண்டியது இரு தண்டவாளத் தலைகளின் உள்முகங்களுக்கு நடுவே, மேற்பரப்பிலிருந்து சுமார் ஒன்றரை செ.மீ. கீழே. உச்சியின் விளிம்பில் டேப் வைத்தால் தலையின் உருண்டை ஓரம் ஏமாற்றும். 1000 மி.மீ. கேஜ் ராட் (இந்த அகலத்தைச் சரிபார்க்கும் கம்பி) ஒன்றை லேத்தில் செய்துகொள்ளுங்கள். டேப்பை நம்பாதீர்கள். பெட்டியின் சக்கர ஜோடியில் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு 930 மி.மீ. இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பல வருடம் கிடந்த வண்டியில் சக்கரம் அச்சில் நகர்ந்திருக்கலாம்.

முதலில் ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் நூல் பிடித்து, அதன் ஸ்பைக்குகளை முழுக்க அடியுங்கள். அது தாய்த் தண்டவாளம். மற்றதை கேஜ் ராட் வைத்து அதற்கு ஒத்துப் போடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டே போனால் நேர்கோடு பாம்பாகிவிடும். இணைப்புகள் இரு பக்கமும் நேருக்கு நேர் வரவேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் கோணல் தெரிந்துவிடும்.

இணைப்பில் 3 மி.மீ. சந்து விடுங்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.0115 மி.மீ. நீளும். ஊட்டியில் உறைபனிக் காலைக்கும் வெயில் ஏறிய மதியத்துக்கும் தண்டவாளத்தில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் 6 மீட்டரில் 2.8 மி.மீ. தான். 3 மி.மீ. தகட்டை நடுவில் வைத்து போல்ட் முறுக்கியபின் உருவிவிடுங்கள்.

மட்டம் ரொம்ப முக்கியம். ரயில்வே நிலைய முற்றங்களுக்கே 400க்கு 1 என்ற சரிவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. உங்களுக்கு அதுவும் வேண்டாம், சரிமட்டம். நீளவாக்கில் டியூப் லெவல், குறுக்கே தண்டவாளங்களின்மேல் நேர்க்கட்டை வைத்து ரசமட்டம். மலையில் கண்ணை நம்பக் கூடாது. பின்னால் இருக்கும் சரிவு மட்டமான தரையைச் சாய்வாகவும் சாய்ந்ததை மட்டமாகவும் காட்டும்.

இனி அடியில் ஜல்லி திணித்தல். இதை அவசரப்பட்டுச் செய்தால் எல்லாம் வீண். நான்கு பேர், கையில் பீட்டர் என்ற ஜல்லி இடிக்கும் கருவி. ஒரு கட்டைக்கு இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, தண்டவாளத்துக்கு இருபுறமும் 35 செ.மீ. தூரத்துக்குக் கட்டையின் அடியில் ஜல்லியை இடித்துத் திணிக்க வேண்டும். இருவரின் அடியும் ஒரே தாளத்தில் விழுந்தால்தான் கல் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒருவர் முந்தினால் கல் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். திணித்த கட்டையைச் சம்மட்டிக் காம்பால் தட்டினால் கெட்டியான சத்தம் வரும். டொக்கென்று ஓசை எழுந்தால் அடியில் காற்று இருக்கிறது. கட்டையின் நடுப்பகுதியைத் திணிக்கக் கூடாது. திணித்தால் கட்டை நடுவில் தாங்கி, இரு முனையும் தொங்கி முறியும்.

9. பல்சக்கரப் பாதையையும் காட்ட வேண்டுமா?

கல்லாறு–குன்னூர் இடையிலான ஆப்ட் முறைப் பல்தண்டின் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்பட்டைகளின்) ஒரு துண்டை நடுவில் வைத்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டு பல்பட்டைகள் 44 மி.மீ. இடைவெளியில், தண்டவாள மட்டத்துக்கு 65 மி.மீ. மேலே இருக்கும். ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும். அந்த 65 மி.மீ.தான் பொறி. சமவெளி வண்டியின் பிரேக் கம்பிகள் அதில் மாட்டலாம். வண்டியின் அடியில் தவழ்ந்து மிகத் தாழ்ந்த இரும்பை அளக்காமல் பல்பட்டையை வைக்காதீர்கள். பெட்டிக்கு முன்னால் உள்ள காலித் தண்டவாளத்தில் வைத்தால் பார்ப்பவருக்கும் தெளிவாகத் தெரியும்.

10. பெட்டியை இறக்குதல்

கூரையைப் பெட்டி வந்த பிறகு போடுங்கள். முதலில் கூரை கட்டிவிட்டுக் கிரேனை எங்கே நிறுத்துவது என்று முழிக்காதீர்கள்.

கிரேனின் பெயரில் உள்ள டன் கணக்கு, கை முழுக்கச் சுருங்கி மூன்று மீட்டர் அருகில் தூக்கும்போதுதான். பத்து மீட்டர் தள்ளித் தூக்கினால் அதில் சிறு பங்குதான் தூக்கும். கிரேன்காரரிடம் சுமை அட்டவணையைக் கேட்டு, உங்கள் தூரத்துக்கு நேரான எண்ணைப் பாருங்கள். கிரேன் கால் ஊன்றும் இடத்தில் மண் இறுகியிருக்க வேண்டும், அடியில் கனத்த பலகை வேண்டும். ஹைட்ராவை (சுமையோடு நகரக்கூடிய கிரேனை)ச் சரிவில் சுமையோடு நகர்த்துவது ஆளைக் கொல்லும் வேலை. வாடகை, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ டிப்போவை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பும்வரை ஓடும். குறைந்தது ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம் கணக்கிடுவார்கள். தண்டவாளத்தின் விலையைவிட இந்தப் பில்தான் பெரும்பாலும் பயமுறுத்தும்.

போகிகளை முதலில் வைத்து, சக்கரத்துக்கு மரஆப்பு கொடுத்து, உடலில் அளந்த பிவட் தூரத்துக்கு (இரு போகிகளும் உடலோடு சேரும் மையங்களுக்கு இடையிலான தூரம்)ச் சுண்ணாம்பால் குறித்து நிறுத்துங்கள். பிறகு உடல். மர உடல் பெட்டியை நேரடியாகப் பட்டை போட்டுத் தூக்கினால் பட்டை இரு பக்கமும் அழுத்திக் கூரை ஓரத்தை நொறுக்கும். மேலே ஸ்பிரெடர் பீம் (பட்டைகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்கு உத்தரம்) கட்டாயம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். அதன்பின் மேகம் இறங்கினால் கிரேன் ஓட்டுநருக்குக் கொக்கியே தெரியாது.

பழைய பெட்டி, எஞ்சின்களில் ஆஸ்பெஸ்டாஸ் காப்பும் ஈயப் பெயிண்டும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டவோ அரைக்கவோ ஆளை விடாதீர்கள்.

11. நிறுத்தம், பாதை, கூரை

இரு முனையிலும் தண்டவாளத்தில் போல்ட் போட்ட நிறுத்தம், ஒவ்வொரு வண்டியின் ஒரு சக்கர ஜோடிக்கு முன்னும் பின்னும் பூட்டிய இரும்பு ஆப்பு. கைபிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். விளையாட்டாகச் சுற்றிவிட ஒரு பையன் போதும்.

பார்வையாளர் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் நடுவே நிரப்பும் தளம் தண்டவாள மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. சக்கர விளிம்புக்கு உள்ளோரம் 60 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம் காலியாக விடுங்கள். அதில் ரப்பர் பட்டை வைத்தால் சக்கர நாற்காலி சிக்காது. வண்டியை நகர்த்தும் நாளில் உருவிக்கொள்ளலாம்.

மீட்டர் கேஜ் வண்டிகளின் உச்ச உயரம் தண்டவாளத்திலிருந்து 3.43 மீட்டர். கூரைக்கும் அதற்கும் நடுவே ஆள் ஏறிப் பெயிண்ட் அடிக்க ஒரு மீட்டராவது இருக்கட்டும். கூரைத் தண்ணீர் ஜல்லித் தோளில் சொட்டாமல் தகரப் பாத்தியில் வடிகாலுக்குப் போகட்டும். வேலி போடும்போது காட்டெருமையையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு சொறிய மெல்லிய கம்பித்தூண் கிடைத்தால் அது இரவுக்கு இரவு வரும்.

12. முதல் மழைக்குப் பிறகு

ஜூன் மழை தொடங்கிய இரண்டு வாரத்தில் டியூப் லெவலோடு ஒருமுறை போங்கள். இணைப்புகளுக்கு அடியில்தான் முதலில் இறங்கும். 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அந்தக் கட்டைகளை மட்டும் மறுபடி திணித்துவிடுங்கள். போல்ட்டுகளை முறுக்குங்கள், ஸ்பைக்குகளைத் தட்டிப் பாருங்கள். வடிகால் குழாயின் வாயில் தண்ணீர் தெளிவாக வந்தால் துணி வேலை செய்கிறது. செம்மண் கலங்கி வந்தால் எங்கோ துணி கிழிந்திருக்கிறது. அந்த இடத்தை நவம்பருக்குள் தோண்டிச் சரிசெய்துவிடுங்கள்.